நூற்று எண்பதாவது நாள்

கடைசிக் கட்டத்தில் வந்து பேனா நின்றுகொண்டது. மற்றப் பதினெட்டுக் கட்டங்களையும் இஞ்ஞாசி ஏழு மணிக்குள் நிரப்பிவிட்டார். நாடி முப்பத்தெட்டு, மூச்சு பன்னிரண்டு, காய்ச்சல் இல்லை, இரவில் லத்தி ஆறு முறை, குளம்பில் சூடு இல்லை, கண் தெளிவு. பத்தொன்பதாவது கட்டம், குதிரை கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எந்தத் தேதியில் என்று கேட்டது. அதற்கென்ன யோசனை, சொந்த நோட்டைப் பார்த்தால் ஆயிற்று என்று இடுப்பில் செருகியிருந்ததை உருவி, எச்சில் தொடாமல் ஒவ்வொரு தாளாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். ஜூன் இருபதை ஒட்டி இருக்க வேண்டும், இல்லை. மே முப்பதை ஒட்டி இருக்க வேண்டும், அங்கும் இல்லை. மே ஒன்பதில்தான் இருந்தது, அவருடைய கடுகுக் கையெழுத்தில்: கஸ்தூரி, பருவம், வால் தூக்குது. இன்றைக்கு ஜூலை இரண்டு. இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை வர வேண்டியது இரண்டு தடவை வரவில்லை. இரண்டு தடவையும் அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தாளைத் திருப்பியதும் இந்தக் கைதான். பயந்த குதிரை, பருவம் தள்ளும், வெயில் வேறு, என்று அப்போது ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது மணி ஏழு பத்து. ஒன்பது மணிக்குக் கஸ்தூரியைக் கடைசிக் கட்டடத்துக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். அங்கே ஊசி போட்டுப் படுக்க வைப்பார்கள். அது எழுந்திருக்காது. ஈரல், இதயம், மூளையில் பன்னிரண்டு இடம், குளம்புக்குள் இருக்கிற மெல்லிய சதை, தோல், கொழுப்பு என்று எண்பத்தாறு இடத்தில் கடலையளவு கடலையளவாக எடுத்து, புகை கக்கும் நைட்ரஜனில் போட்டு உறைய வைத்து, ஐந்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். முந்தாநாள் அல்லி அப்படித்தான் போனது. அல்லியின் கயிற்றையும் இஞ்ஞாசிதான் பிடித்திருந்தார். அது கால் மடங்கிச் சாய்ந்தபோது எண்ணினார். ஊசி போட்டதிலிருந்து பத்தொன்பது விநாடி. வலிக்கவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வார்.

ஆராய்ச்சிமீது அவருக்குக் கோபம் கிடையாது, இதை யார் கேட்டாலும் சொல்லத் தயார், யாரும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு, போலீஸ் குதிரைப் படையில் முப்பத்தோரு வருடம், ஓய்வுக்குப் பிறகு தளிக்குப் பக்கத்தில் இந்தக் குதிரை ஆய்வு நிலையத்தில் வருட ஒப்பந்தத்தில் ஐந்தாவது வருடம். வந்த புதிதில், தடித்த மழை பெய்த ஒரு மத்தியானம், டாக்டர் சுகந்தி லாயக்காரர்கள் நான்கு பேரையும் உட்கார வைத்து இந்த வேலை எதற்கு என்று விளக்கினார். குதிரையின் ஈரலிலும் குளம்பிலும் கண்ணிலும் உள்ளுக்குள் எழுதியிருப்பது ஒரே எழுத்துதான், ஆனாலும் ஈரல் ஈரலாக இருக்கிறது, குளம்பு குளம்பாக இருக்கிறது, எங்கே எந்த வரி வேலை செய்கிறது, எந்த வரி வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம், அதைத்தான் நாடு நாடாகப் பங்கு பிரித்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இஞ்ஞாசிக்கு லாயத்துச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு அறையிலும் ஒரே மாதிரி பதினான்கு சாமான் ஆணியில் தொங்கும். லாடம் அடிக்கிற நாளில் ஒன்று கீழே இறங்கும், மருந்து கொடுக்கிற நாளில் வேறொன்று, மற்றதெல்லாம் ஆணியிலேயே இருக்கும். தெரியாத்தனமாக அதை முனகிவிட்டார். டாக்டரம்மா அதைப் பிடித்துக்கொண்டு, டென்மார்க்கிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஹென்ரிக்கிடம் இங்கிலீஷில் சொல்ல, அந்த நெட்டை மனிதர் பாக்கெட்டிலிருந்து டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். ஒரு வாரம் இஞ்ஞாசி அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. ஆனால் உள்ளுக்குள், யாருக்கும் தெரியாமல், அந்த ஆராய்ச்சியில் தனக்கும் ஒரு கை இருப்பதாக வைத்துக்கொண்டார். வெறும் நினைப்பில்லை, எழுத்திலேயே இருந்தது. ஐந்து ஆய்வுக்கூடமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், சதை எடுப்பதற்கு முன்னால் நூற்று எண்பது நாள் தினமும் காலையில் குதிரையின் நாடியும் மூச்சும் எழுதியிருக்க வேண்டும், நூற்று எண்பது நாளும் ஒரே ஆளின் கையே பார்த்திருக்க வேண்டும், ஆளுக்கு ஆள் விரல் மாறினால் கணக்கு மாறும் என்று இருந்தது. ஒரே கை. அல்லிக்கு ஜனவரி இரண்டிலிருந்தும் கஸ்தூரிக்கு நான்கிலிருந்தும் அந்தக் கை இவருடையது. பிப்ரவரியில் காய்ச்சல் நூற்று இரண்டு அடித்தபோதுகூடச் சைக்கிளில் வந்து மூன்று விரலைக் குதிரையின் தாடைக்கடியில் வைத்து எண்ணிவிட்டுத்தான் திரும்பிப் போய்ப் படுத்தார். மனைவி சலேத்து அன்றைக்குத் திட்டினாள். குதிரைக்கு நாடி பார்க்கிறீர்கள், உங்கள் நாடியை யார் பார்ப்பது, நானா என்றாள். பார்க்கவும் செய்தாள், தப்பாக.

சரி, கணக்குக்கு வா, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மே ஒன்பதில் பருவம். மே பதினொன்று சாயங்காலம் ஆலங்கட்டி மழை. இடி விழுந்ததில் மிரண்ட ஆண் குதிரை வேலியை உடைத்துக்கொண்டு பெட்டைகள் மேயும் புல்வெளிக்குள் போய்விட்டது. பிடித்துக் கொண்டுவர இருபது நிமிடம். அதுவும் நோட்டில் இருந்தது: வேலி உடைப்பு, 5.40 முதல் 6 வரை. புல்வெளியில் அப்போது அல்லி, கஸ்தூரி, பீரங்கி மூன்றும் இருந்தன. ஆராய்ச்சிக்கு எடுத்து வைத்தது அல்லியும் கஸ்தூரியும். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மாற்றாகப் பீரங்கி. சினையான குதிரை இந்த வேலைக்கு ஆகாது, சினையில் உடம்பு பூராவும் வேறு வரிகள் பேச ஆரம்பித்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லி, மே இருபத்தொன்பதில் முதல் இரண்டுக்கும் ஸ்கேன் வைத்தார்கள். அப்போது இரண்டு மாதத்துக்கென்று வந்திருந்த தற்காலிக டாக்டர் ஒருவர் பார்த்தார். இரண்டும் காலி என்று தாளில் எழுதினார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இருக்கும்போது சினை எப்படி வரும்? மிஷின் பார்த்துச் சொன்னது பெரிதா, கிழவன் ஒருவன் வெற்றுக்கட்டத்தைப் பார்த்துச் சொல்வது பெரிதா? மிஷின்தான் பெரிது. அதில் இஞ்ஞாசிக்குச் சந்தேகம் கிடையாது. நோட்டை மூடப் போனவர், மூடுவதற்கு முன்னால் அந்த நாளையும் பார்த்துவிடலாம் என்று மே இருபத்தொன்பதைத் திருப்பினார். திருப்பாமல் இருந்திருக்கலாம். அங்கே இரண்டு வரி இருந்தது. 4-ம் 7-ம் இடமாற்றம், ஜெனரேட்டர் சத்தம். மாலை 4, திரும்ப இடம்.

உறைபெட்டிகளுக்கு மின்சாரம் போகாமல் இருக்க, நாலாம் அறைக்குப் பின்சுவரில் புது ஜெனரேட்டர் வைத்த நாள் அது. காலையில் ஓட்டிப் பார்த்ததிலேயே கஸ்தூரி சுவரை உதைத்து நுரை தள்ளிவிட்டது. பீரங்கி போலீஸில் இருந்து வந்த குதிரை, காதருகே கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தாலும் திரும்பிப் பார்க்காது, பெயரே அதனால் வந்ததுதான். ஆகவே பீரங்கியை ஏழிலிருந்து நாலுக்கும் கஸ்தூரியை நாலிலிருந்து ஏழுக்கும் மாற்றினார். பிறகு கண் டாக்டரைப் பார்க்க அரைநாள் விடுப்பில் ஓசூர் போனார். ஸ்கேன் மத்தியானம் நடந்தது. இரண்டும் செம்பழுப்பு, இரண்டுக்கும் நெற்றியில் சுழி. கஸ்தூரிக்குப் பின்னங்கால் ஒன்றில் வெள்ளை, அதைத் தெரிந்தவன்தான் தேடுவான். புது டாக்டர் எதைப் பார்த்திருப்பார்? அறை வாசலில் குதிரையின் பெயர் எழுதித் தொங்கும் சிலேட்டுப் பலகையைத்தான் பார்த்திருப்பார். குதிரை எங்கே போகிறதோ பலகையும் அங்கே போக வேண்டும். இந்தச் சட்டத்தை இந்த லாயத்தில் கொண்டுவந்ததே இஞ்ஞாசிதான். பலகை மாற்றாமல் குதிரை மாற்றிய ஒருவனை, நான்கு மாதத்துக்கு முன்னால், இவர் எதிரே நின்று பேசாமல் பார்த்த பார்வையில் அவன் வேலையை விட்டே போய்விட்டான். அப்படிப்பட்டவர் அன்றைக்குப் பலகையை மாற்றினாரா? மாற்றியிருந்தால் எழுதியிருப்பார். பலகை மாற்றம் என்று ஒரு வரி இருந்திருக்கும். இல்லை. சாயங்காலம் திரும்ப வரப்போகிறதே, அரைநாளுக்கு எதற்கு என்று இருந்திருப்பார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருந்திருப்பார். என்னவாக இருந்திருப்பாரோ, அந்த மனிதன் இப்போது எங்கே, அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலிருந்தது.

முனிராஜ் டீயோடு வந்தான். ஆண் குதிரைப் பக்கத்து ஆள், நாற்பது வயது, வாய் ஓயாதவன். அன்றைக்கு இவருக்குப் பதிலாக நின்றவன். கட்டடத்தில் முப்பத்தோரு பேர் நீல அங்கி மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு டப்பாவோடு நிற்கிறார்கள், பந்தியில் இலை போடக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றான். இஞ்ஞாசி டீயை வாங்கி வாசற்கட்டையில் வைத்தார்.

"முனிராஜு, ஜெனரேட்டர் வந்த அன்னிக்கு ஸ்கேனுக்கு நாலாம் அறைக் குதிரையப் பிடிச்சது நீதானே?"

"நான்தாண்ணா. ஏன், அது எம்மேல பெட்டிஷன் போட்டிருக்கா?"

"பின்னங்கால்ல வெள்ளை இருந்துச்சா?"

"மூஞ்சியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் பின்னங்கால எங்கண்ணா பார்க்கிறது. ஆனா தங்கமான குதிரை. அந்தாண்ட ஜெனரேட்டர் ஊரே இடிஞ்சு விழற மாதிரி கத்துது, எனக்குக் காது அடைச்சுப்போச்சு, அது பாட்டுக்கு நின்னு கொட்டாவி விட்டுச்சு."

முனிராஜ் போய்விட்டான். கொட்டாவி. இஞ்ஞாசி கஸ்தூரியைப் பார்த்தார். ஈ உட்கார்ந்தால் முழு உடம்பும் சிலிர்க்கிற ஜென்மம். வாளி உருண்டால் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். இது ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டதாம். விட்டது பீரங்கி. டாக்டர் கைவிட்டுப் பார்த்த வயிறு பீரங்கியின் வயிறு. கஸ்தூரியின் வயிற்றை இதுவரை யாரும் பார்க்கவேயில்லை. இவ்வளவுதான் விஷயம், எவ்வளவு சுலபமாக இருக்கிறது, போய்ச் சொல்லிவிட்டால் ஆயிற்று. ஆனால் கால் நகரவில்லை. ஏனென்றால் அந்த இடத்தில்தான் வேறொரு குரல் குறுக்கே படுத்துக்கொண்டது. இஞ்ஞாசி, உனக்கு இந்தக் குதிரைமேல் ஆசை. ஆசை வந்தவன் கணக்கு கோணும். வெற்றுக்கட்டம் இரண்டு இருக்கிறது என்றாயே, அந்த நாட்களில் உண்மையிலேயே பருவம் இல்லையா, இல்லை நீ கவனிக்கவில்லையா? ஜூன் இருபதில் சலேத்துக்குப் பல்வலி, இரவெல்லாம் தூக்கமில்லை, மறுநாள் நீ கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாய். அன்றைக்குக் கஸ்தூரி வால் தூக்கியிருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்குமா? அதே வாரத்தில் பீரங்கிக்கு எழுதியிருக்கிறாரா என்று பார்த்தார். எழுதியிருந்தார், இருபத்திரண்டில், பருவம், சுவரில் தேய்க்குது. அப்படியானால் கண் திறந்துதான் இருந்திருக்கிறது. ஒன்றைக் கவனித்த கண் பக்கத்தில் நின்ற மற்றதைக் கவனிக்காமல் போகாது. போகலாம். போகாது. இரண்டு நிமிடம் அங்கேயே சுற்றினார். பிறகு, எழுதியதை நம்புவதா எழுதியவனை நம்புவதா என்று கேட்டால் எழுதியதைத்தான் நம்ப வேண்டும், அதற்காகத்தானே எழுதுகிறோம், என்று அந்தக் குரலின் வாயை அடைத்தார். அது முழுதாக அடைபடவில்லை.

மணி எட்டாக இருபது நிமிடம். ஏழாம் அறையிலிருந்து பீரங்கி கனைத்தது. அப்போதுதான் அடுத்தது தெரிந்தது, இத்தனை நேரம் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்த மாதிரி. கஸ்தூரி சினை என்று சொன்னால், அன்றைக்குக் காலி என்று பார்த்தது பீரங்கியை என்றும் ஆகிறது. ஸ்கேனில் காலி என்று தெரிந்த, நோயில்லாத, பன்னிரண்டு வயதுப் பெட்டைக் குதிரை. மாற்றுக்கென்றே வைத்திருப்பது. கஸ்தூரியை விடு என்று வாயைத் திறப்பதும் பீரங்கியைக் கொண்டு போ என்று கையைக் காட்டுவதும் ஒன்றுதான். அவருக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்காரவில்லை. ஒரு தடை இருக்கிறதே, பீரங்கிக்கு நூற்று எண்பது நாள் கணக்கு கேட்பார்களே. நிலையத்துத் தாளில் இரண்டு குதிரைக்குத்தான் கணக்கு. மாற்றுக் குதிரைக்கு வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் இஞ்ஞாசி விடவில்லை. மூன்று குதிரை வரிசையாக நிற்கும்போது இரண்டுக்கு நாடி பார்த்துவிட்டு மூன்றாவதைத் தாண்டிப் போக அவரால் முடியாது, சட்டையில் ஒரு பொத்தானை விட்டுப் போட்டுக்கொண்ட மாதிரி நாளெல்லாம் உறுத்தும். ஆகவே யாரும் கேட்காமலே, தன் சொந்த நோட்டில், ஜனவரி நான்கிலிருந்து பீரங்கிக்கும் எழுதி வந்திருக்கிறார். பீரங்கியைக் கொல்ல இதுவரை ஏதாவது குறைந்திருந்தது என்றால் அது இந்த நோட்டு ஒன்றுதான். அதையும் இவரே தயாராக்கி இடுப்பில் செருகி வைத்திருக்கிறார். யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல வராது. அறுபத்துமூன்று வயதில் புதிதாகப் பொய் பழகவும் முடியாது.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன? இதுவரை அப்படித்தானே. மேலே இருப்பவர்கள் சொன்னதற்கெல்லாம் சரிங்க ஐயா என்று சொன்ன தடவைகளை எண்ண முடிந்தால் அந்த நோட்டு எத்தனை பக்கம் வரும். உங்கள் வாயை எந்த சர்க்கார் சீல் வைத்தது என்று சலேத்து கேட்பாள். அவருக்கே தெரியாது. டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், வயிற்றில் இருக்கும்போது தாய் பட்ட பசியும் பயமும் குட்டியின் உடம்பில் போய் அடையாளம் வைக்கும், எழுத்தை மாற்றாது, எது பேச வேண்டும் எது மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மாற்றும் என்று. அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் தன் தாயைப் பற்றி நினைத்திருக்கிறார். இவர் வயிற்றில் இருந்தது அரிசி கிடைக்காத வருடம். ரேஷனில் போட்ட மக்காச்சோள மாவை அம்மா கூழாக்கிக் குடித்தாளாம், வரிசையில் நின்று யாரோ பிடித்துத் தள்ளி விழுந்தாளாம், எழுந்து ஒன்றும் சொல்லாமல் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாளாம். அந்தக் கடைசியில் போய் நிற்பது அப்படியே தனக்குள் இறங்கிவிட்டதோ என்று தோன்றும். இருக்கட்டும். இறங்கியிருந்தால் இறங்கியிருக்கட்டும். இப்போது கஸ்தூரிக்குள் ஒன்று இருக்கிறது, ஐம்பத்திரண்டு நாள், கட்டைவிரல் நீளம். அதற்குப் பதினெட்டாவது நாளிலேயே தாய் ஜெனரேட்டரைக் கேட்டு நுரை தள்ளியிருக்கிறாள். அதன்மேல் என்ன அடையாளம் விழுந்ததோ. எது விழுந்திருந்தாலும் அது வெளியே வந்து, நாலு காலில் நின்று, பயந்த குதிரையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் பார்க்காமல் ஓர் ஆராய்ச்சியா? இவர்கள் தேடுகிற சங்கதியே அந்த வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது, இவர்கள் ஈரலுக்கு டப்பா வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. கோபம் வந்ததும் ஆச்சரியமாக இருந்தது, எங்கேயிருந்தது இவ்வளவு நாள்.

அல்லியை அவர் நடத்திக்கொண்டு போனார், அது உண்மை. அதற்கு இவர் அழவும் இல்லை. அல்லியை ஒரு முறைப்படி தேர்ந்தார்கள், முறைப்படி பார்த்தார்கள், நூற்று எண்பது நாளும் ஒரு நாள் பிசகவில்லை. கஸ்தூரி விஷயத்தில் முறை பிசகியது. பிசகியது இவரால். இவர் ஒரு பலகையை மாற்றாமல் பஸ் ஏறியதற்குக் கஸ்தூரியும் குட்டியும் போகக்கூடாது. சரி. அதே பலகைக்காகப் பீரங்கி மட்டும் போகலாமா? அதுவும் போகக்கூடாது. முறைப்படி நாளைக்கு இன்னொரு குதிரை வரும், அதற்கு இன்னொரு நூற்று எண்பது நாள் ஆகும், அதையும் இவரே எண்ணுவார், அதன் கயிற்றையும் பிடிப்பார், அது வேறு. இவர் செய்த தப்புக்காக ஒரு குதிரை சாவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது, மயிரிழைக் கோடு, மற்றவர்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்தது. அந்தக் கோட்டின்மேல் நின்றுகொண்டு மணியைப் பார்த்தார். ஒன்பதாக இரண்டு நிமிடம்.

டாக்டர் சுகந்தி வந்தார், பின்னால் ஹென்ரிக், அவருக்கும் பின்னால் முனிராஜ். டாக்டரம்மாவின் கண் சிவந்திருந்தது, அல்லிக்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது இஞ்ஞாசிக்குத் தெரியும். தாள் ரெடியா என்று கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறதே என்றார்.

இஞ்ஞாசி பேனாவை மூடினார்.

"அதுல எழுத முடியாதுங்க டாக்டரம்மா. கஸ்தூரி சினை."

"காலின்னு ஸ்கேன் இருக்கே. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அது பீரங்கியோட வயிறு. அன்னிக்கு ரெண்டையும் இடம் மாத்துனேன், பலகைய மாத்தல. என் தப்பு. அப்படியே எழுதிக்குங்க."

அவர் நோட்டைத் திறந்து அந்த இரண்டு வரியைக் காட்டினார். டாக்டரம்மா படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் ரத்தம் இறங்குவது தெரிந்தது. பிறகு கோபம் வந்தது, அது வர வேண்டிய கோபம்தான்.

"நீங்களா, ஐயா? ஒரு மாசமா இது உங்களுக்குத் தெரியலையா?"

"முப்பத்திநாலு நாள். தெரியல."

ஹென்ரிக் ஏதோ கேட்டார். டாக்டரம்மா பதில் சொன்னார். இரண்டு பேரும் இங்கிலீஷில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். அதில் நைட்ரஜன் என்பதும், கொரியா என்பதும், விமானம் என்பதும் இவருக்குப் புரிந்தது. பயந்த குதிரைக்குப் பருவம் தவறுவது சகஜம், வயதான ஆள், கடைசி நேரத்தில் மனசு இளகியிருக்கும் என்று அவர்கள் பேசியிருக்கவும் கூடும். அதில் பாதி நியாயம்கூட. டாக்டரம்மா கையை நீட்டி, கயிற்றைக் கொடுங்கள், முதலில் அங்கே கொண்டு போவோம், அங்கே பேசிக்கொள்ளலாம் என்றார். இஞ்ஞாசி கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றிய பிறகுதான் அதைச் செய்தது தான் என்று உணர்ந்தார்.

"மிஷின் இங்க வரட்டுங்க. பார்த்துக் காலின்னா நானே நடத்திட்டு வர்றேன். பார்க்காம கயிறு கைமாறாது."

டாக்டரம்மா அவரை இதற்கு முன் பார்த்திராத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, முனிராஜிடம் ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார்.

பத்து நிமிடம். இஞ்ஞாசி கஸ்தூரியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், திரையைப் பார்க்கவில்லை. காலியாக இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. நடத்திக்கொண்டு போவேன் என்று சொல்லியாயிற்று, போக வேண்டியதுதான், வாக்கு அது. அப்படிப் போகும்போது எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்தார். இங்கிருந்து கட்டடம் வரை நூற்றுப் பதினாறு. அல்லியோடு போனபோது எண்ணியது. டாக்டரம்மா தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டு, மெதுவாகத் திருப்பினார், நிறுத்தினார். மறுபடி சற்றே திருப்பி அங்கேயே வைத்துக்கொண்டார். ஹென்ரிக் குனிந்து திரையைப் பார்த்து, கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"துடிக்குது," என்றார் டாக்டரம்மா. குரல் அவருடையதாக இல்லை. "இஞ்ஞாசி ஐயா, வந்து பாருங்க."

அவர் போகவில்லை. கஸ்தூரியின் மூக்கிலிருந்து கையை எடுத்தால் அது மிரளும். இருக்கட்டும் என்றார். கண்ணில் நீர் வந்தது, அதைத் துடைக்கவும் ஒரு கை மிச்சமில்லை.

அதற்குப் பிறகு நடந்தது அவர் எதிர்பார்த்தபடியே நடந்தது, அதுதான் கொடுமை. ஹென்ரிக் எழுந்து டாக்டரம்மாவிடம் தணிந்த குரலில் பேசினார், அவர் நல்ல மனிதர், முப்பத்தோரு பேரின் ஒரு வருட வேலை அவர் தலைமேல். மாற்றுக் குதிரை, என்றார் டாக்டரம்மா பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும், அன்றைக்குக் காலி என்று பார்த்தது அதைத்தான், இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு நூற்று எண்பது நாள் கணக்கு இல்லையே, கணக்கில்லாமல் ஐந்து கூடமும் ஒத்துக்கொள்ளாதே. அவர் குரலில் ஒரு நிம்மதியும் இருந்த மாதிரி இஞ்ஞாசிக்குப் பட்டது. அப்போது மிஷின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த முனிராஜ், உதவி செய்கிற நினைப்பில், நிமிர்ந்து சொன்னான்.

"அண்ணன் எல்லாத்துக்கும் எழுதுவாரே மேடம். விட்டா எனக்கே நாடி பார்த்து எழுதிடுவாரு."

டாக்டரம்மா மெல்லத் திரும்பினார். "நிஜமா, ஐயா? பீரங்கிக்கும் எழுதியிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி வாய்த்தது. அது வந்து நின்று, அவரைப் பார்த்து, போய்விட்டது. எழுதியதை எழுதவில்லை என்று சொன்னால், மே ஒன்பதும் பொய்யாகும், வேலி உடைந்ததும் பொய்யாகும், இப்போது துடிப்பதைக் கண்டுபிடித்த எழுத்தே பொய்யாகும். இவருடைய வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, நீட்டிப்பது டாக்டரம்மா கையில். அதையும் எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்தார்.

"இருக்குங்க. ஜனவரி நாலுலேர்ந்து நேத்து வரைக்கும். நூத்தி எழுபத்தொம்பது நாளு, ஒரு நாள் விடல."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு எழுதல. கஸ்தூரி தாள்லயே நின்னுட்டேன்."

"சரி, இப்பப் பார்த்து எழுதிடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"மாட்டேங்க டாக்டரம்மா."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஹென்ரிக்குக்குக்கூட மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நாளைக்கு எழுதுவீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது, நாளைக்கு எழுதினால் நடுவில் ஒரு நாள் ஓட்டை இருக்கும், மறுபடி ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், இது ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார். வேறு ஆளை வைத்து இன்றைக்குப் பார்க்கலாமே என்று முனிராஜ் சொல்ல வாயெடுத்து, இஞ்ஞாசி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"ஒரே கைன்னு நீங்கதான் போட்டிருக்கீங்க," என்றார் இஞ்ஞாசி. "பலகை விஷயத்துல தப்பு பண்ணது இந்தக் கை. என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க, வாங்கிக்கிறேன். அந்தத் தப்புக்கு ஒரு குதிரைய அனுப்பறதுக்கு இது எழுதாது."

டாக்டரம்மா தோள்வரை இருந்த கையுறையைக் கழற்றினார். பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். இஞ்ஞாசிக்கு அந்த இங்கிலீஷில் புரிந்தது எண் மட்டும்தான். நூற்று எழுபத்தொன்பது என்று அவர் சொன்னார். சரியாகச் சொன்னார்.